டேப் இரைச்சல்

வாத்தியார் அந்தப்பன் மாஷ், தான் எழுதிய நோன்புப் பாட்டின் பதிவை மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பியபோது, திருச்சூரை அடுத்த ஒல்லூரில் தனு மாதத்து மார்கழிக் காற்று உச்சத்தில் இருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து வரும் அந்தக் காற்று மூன்று நாளாகத் தோட்டத்து ஜாதிக்காய் மரங்களை ஒரே பக்கமாகச் சீவிக்கொண்டிருந்தது. துணி காயப்போட்டால் பக்கத்து வீட்டில் போய்த்தான் எடுக்க வேண்டும். உதடு வெடித்து, எல்லோரும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு திரிந்தார்கள்.

ஜின்சனின் ஸ்டுடியோ வீட்டுக்குப் பின்னால் இருந்தது. முன்பு ஜாதிக்காய் உலர்த்திய அறை. சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துத் துணி அடித்திருந்தான். அக்கம்பக்கத்து இருபது இடவகைச் சர்ச்சுகளின் பக்திப்பாட்டும் பெருநாள் பாட்டும் அங்கேதான் பதிவாயின. பாடுகிறவர்களுக்குச் சுக்குக் காப்பி போடுவது, கோரஸில் இரண்டாம் குரல் பாடுவது, பதிவு முடிந்தபின் மூலையிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மூச்சுச் சத்தங்களை வெட்டி எடுப்பது எல்லாம் அவன் மனைவி லின்சி. குரல்களையும் வாத்தியங்களையும் கலந்து பாட்டை முடிப்பது மட்டும் ஜின்சன். அதற்கென்று ஸ்பீக்கர்களுக்கு எதிரே அவன் போட்டிருந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததில்லை.

மாஷ் அனுப்பிய குரல்செய்தியை ஜின்சன் புட்டு பிசைந்துகொண்டே போட்டான்.

"எடா ஜின்சா, கோவிச்சுக்காத. பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா காதுல குத்துது. அந்தப் பொண்ணு 'ஸ்'ஸுன்னு சொல்றப்பல்லாம் ஊசி ஏத்துற மாதிரி இருக்கு. பழைய கேசட்டுல ஒரு வெதுவெதுப்பு இருக்குமில்ல, அது வேணும். நோம்புப் பாட்டுடா இது. அழ வேண்டிய எடத்துல பல்லு கூசுது."

ஜின்சன் சிரித்தான். "வெதுவெதுப்பாம். டேப்பு எல்லாத்தையும் கொஞ்சம் மழுக்கிக் குடுக்கும், அதுதான் அவருக்குச் சுகமா இருந்துச்சு. கம்ப்யூட்டரு உள்ளதை உள்ளபடி குடுக்குது. உண்மை குத்தத்தான் செய்யும்."

"மாஷுக்கு மட்டுமா குத்துது? போன மாசம் கன்னியாஸ்திரீமாரும் அதையேதானே சொன்னாங்க" என்றாள் லின்சி.

புட்டுப் பிசைந்த கை ஒரு கணம் நின்றது. "அவங்க போன்ல கேட்டாங்க. போன்ல கேட்டா எல்லாம் குத்தும். விடு, இதுக்கு மருந்து இருக்கு."

மருந்து என்று அவன் சொன்னது பிளகின்களை. கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்ளும் சின்னச் சின்ன மென்பொருள்கள். ஒன்று பழைய டேப் ரெக்கார்டரில் ஓடியதுபோல் பாட்டை மாற்றும். ஒன்று கண்ணாடி வால்வு வைத்த கருவி வழியாக வந்ததுபோல் காட்டும். ஒன்று, எழுபதுகளில் ஏதோ வெள்ளைக்காரன் ஸ்டுடியோவில் இருந்த மிக்சரின் குணத்தைக் கொடுக்கும். திரையில் முள்ளாடும், சக்கரம் சுற்றும், திருகுகள் பித்தளைபோல மின்னும். வாங்குவதற்கு முன் பதினான்கு நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம். ஜின்சன் ஏழு பிளகின்களை இறக்கி வைத்துக்கொண்டு பத்து நாளாக அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. சோற்றுக்குக் கூப்பிட்டால் வருவான். பாதித் தட்டில் எழுந்து போவான். "அந்த ரெண்டாவது டேப்புல அடிநாதம் நல்லாருக்கு, ஆனா பாடுறவ பின்னால போயிடுறா" என்று தனக்குள் சொல்லிக்கொள்வான். ஏழு வயது ஆன்மரியா, "அப்பா யாருகூடப் பேசுறாங்க?" என்று கேட்டாள்.

ஒருநாள் லின்சியைக் கூப்பிட்டான்.

"எடீ, இங்க வா. நான் கண்ணை மூடிக்கிறேன். நீ ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மாத்தி மாத்திப் போடு. எது எதுன்னு சொல்லாத. பேரைப் பாத்தா மனசு ஏமாத்தும்."

அவள் நின்றபடியே மவுசைப் பிடித்தாள். ஒன்று போட்டாள். இரண்டு போட்டாள். மூன்றில் கை தவறி, எந்தப் பிளகினும் இல்லாமல் வெறும் பாட்டே ஓடியது.

"இதுதான்" என்றான் ஜின்சன், கண்ணைத் திறக்காமல். "இதுல இருக்கு பாரு அந்தச் சூடு. திரும்பப் போடு."

அவள் வேண்டுமென்றே அதையே திரும்பப் போட்டாள். அவன் முகம் கனிந்தது. தலையை மெல்ல ஆட்டினான். லின்சிக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனுஷன்தான் பெருநாள் பந்தலில் முப்பது ஸ்பீக்கர் பெட்டி அடுக்கியிருக்கும்போது கீழே நின்றபடியே, மேல்வரிசையில் நாலாவது பெட்டிக்குள் ஸ்பீக்கர் காகிதம் கிழிந்திருக்கிறது என்று சொன்னவன். ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் கிழிந்திருக்கும். கல்யாணம் பேசும்போது அவள் அப்பச்சனிடம் தரகர் சொன்னதே, "பையனுக்குச் சொத்து அந்தக் காதுதான்" என்றுதான்.

"எதுடீ அது?"

"மூணாவது" என்றாள் அவள். சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

மூன்றாவது என்பது ஒரு டேப் பிளகின். ஜின்சன் அதை எல்லாக் குரல்களுக்கும் எல்லா வாத்தியங்களுக்கும் தனித்தனியாகப் போட்டு, இரண்டு நாளில் பாட்டை முடித்து மாஷுக்கு அனுப்பினான். மறுநாள் காலையிலேயே பாவறட்டிப் பக்கம் ஒரு பெருநாளுக்கு மைக்செட் வேலையாக வண்டியேறிப் போனான். இரண்டு நாள் வேலை.

அன்று லின்சி முற்றத்தில் சிறுகிழங்கைச் சாக்கில் கட்டித் துவைகல்லில் அடித்துக்கொண்டிருந்தாள். அப்படி அடித்தால்தான் தோல் கழன்று வரும். அடுப்பில் மாட்டிறைச்சி தேங்காய்க் கொத்தோடு வெந்துகொண்டிருந்தது. நோன்பு தொடங்கிவிட்டால் ஐம்பது நாள் இறைச்சி கிடையாது. மாஷ் அவள் போனுக்கு அழைத்தார்.

"மோளே, ஜின்சன் போனு எடுக்கல. பந்தல்ல இருப்பான் போல. ஒரு விஷயம் கேக்கணும்."

"சொல்லுங்க மாஷே."

"பாட்டுல மழை பெய்யுதே, அது எதுக்கு?"

"மழையா?"

"ஆமா. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் சோன்னு பெய்யுது. நான் மழைன்னு எழுதலியே. கெத்சமனித் தோட்டத்துல மழை பெஞ்சதா எந்தச் சுவிசேஷத்துலயும் இல்லியே மோளே."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். லின்சி சாக்கை அப்படியே போட்டுவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனாள். பாட்டைப் போட்டாள். முதல் சுரம் வருவதற்கு முன்பே அந்த இரைச்சல் வந்துவிட்டது. எண்ணெய் காய்வதுபோல, தூரத்தில் யாரோ அரிசி புடைப்பதுபோல.

பிளகினைத் திறந்து பார்த்தாள். பழைய டேப்பில் எப்போதும் கேட்கும் அந்த உஸ்ஸென்ற இரைச்சலையும் சேர்த்துக் கொடுக்க அதில் ஒரு பொத்தான் இருந்தது. தானாகவே போட்டபடி வரும். வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளலாம். இருபத்திரண்டு டிராக்கிலும் அது போட்டபடியே இருந்தது. இருபத்திரண்டு இரைச்சலும் ஒன்றாகக் கூடியிருந்தன. அதைக் கேட்டுக்கொண்டு இரண்டு நாள் இந்த நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு அது கேட்கவில்லை.

லின்சி முதல்முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பொத்தான்களை ஒவ்வொன்றாக அணைத்தாள். மழை நின்றது. ஆனால் குத்தல் நிற்கவில்லை. பிளகின்களுக்குக் கீழே ஜின்சன் வழக்கமாகப் போடும் ஈக்யூ இருந்தது, எந்தச் சுருதியைக் கூட்டுவது எதைக் குறைப்பது என்று காட்டும் கோடு. அதைத் திறந்தாள். கோடு இடப்பக்கத்திலிருந்து சமமாக வந்து, வலப்பக்கம், கூர்மையான ஒலிகள் இருக்கும் இடத்தில், செங்குத்தாக ஏறியிருந்தது. அடுத்த டிராக்கிலும் அப்படியே. எல்லாவற்றிலும் அப்படியே. போன மாதத்துப் பாட்டுகளைத் திறந்தாள். அங்கேயும் ஏற்றம். இரண்டு வருடத்துக்கு முந்தையதில் ஏற்றம் சின்னது. மூன்று வருடத்துக்கு முந்தையதில் கோடு நேராக இருந்தது.

அவளுக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவு வந்தது. ஆன்மரியாவுக்குக் காய்ச்சல் அடித்தபோது, தெர்மாமீட்டர் கீச்சென்று கத்தி ஓய்ந்தபிறகும் அதைக் குழந்தையின் கக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஜின்சன் காத்திருந்தது. வாஷிங் மெஷின் முடிந்துவிட்டதென்று கத்தினால் எழுந்து போகாமல் இருந்தது. அவள் அதைச் சோம்பல் என்று நினைத்து ஒருநாள் சண்டைகூடப் போட்டிருந்தாள்.

ஏறிய கோடுகளையெல்லாம் இறக்கினாள். மிச்சத்தைத் தொடவில்லை. தபலாவும் தாழ்ந்த சுரங்களும் அவன் வைத்தபடியே அருமையாக இருந்தன. இறைச்சி அடிப்பிடித்த வாசனை ஸ்டுடியோ வரை வந்தது. பாட்டை மாஷுக்கு அனுப்பிவிட்டு அடுப்புக்கு ஓடினாள்.

மாஷ் சாயங்காலம் அழைத்தார். "மோளே, இதுதான். இதுதான் நான் கேட்டது. அவன்கிட்டச் சொல்லு, மிச்ச எட்டுப் பாட்டும் இதே மாதிரி வேணும்னு."

அவள் சொன்னாள். அது மட்டும்தான் சொன்னாள்.

ஜின்சன் பாவறட்டியிலிருந்து வந்ததும் பதினான்கு நாள் முடியுமுன்னே அந்தப் பிளகினை வாங்கிவிட்டான். திருச்சூர் மைக்செட்டுக்காரர்களும் ஸ்டுடியோக்காரர்களும் இருக்கும் வாட்ஸப் குழுவில், வெதுவெதுப்புக்கான பிளகினை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நீளமாக எழுதினான். கண்ணை மூடிக் கேளுங்கள், பேரைப் பார்க்காதீர்கள், உங்கள் காதை நம்புங்கள் என்று. நாற்பது பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். அதை லின்சிக்குப் படித்துக் காட்டினான்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"மொகத்தை ஏன் இப்படி வச்சிருக்க?"

"தலைவலி. இந்தக் காத்து."

நான்கு நாள் அவள் அதை விழுங்கிக்கொண்டு நடந்தாள். சொல்ல வாயெடுப்பாள். அவன் ஏதாவது பாட்டை முணுமுணுத்தபடி வருவான், வாய் மூடிக்கொள்ளும். ஐந்தாம் நாள் மத்தியானம் அவன் இரண்டாவது பாட்டைத் தொடங்கினான். முதல் பாட்டில் வைத்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று அதைத் திறந்திருக்கிறான்.

"லின்சீ."

அந்தக் கூப்பிடலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இதை யாரு தொட்டது?"

"நான்தான்."

"ஈக்யூவெல்லாம் எறக்கி வச்சிருக்க. எதுக்கு?"

"மாஷ் கூப்பிட்டாங்க. பாட்டுல மழைச்சத்தம் கேக்குதுன்னாங்க."

"என்ன மழை?"

"டேப் இரைச்சல், ஜின்சேட்டா. எல்லா டிராக்குலயும் போட்டபடி இருந்துச்சு. அணைச்சேன். அப்புறமும் குத்துச்சு. அதான் எறக்கினேன்."

"நீ எறக்கின." அவன் நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினான். "என் பாட்டை நீ திருத்தி, நீயே அனுப்பி, மாஷ் புகழ்ந்ததை எங்கிட்டயே வந்து சொல்லி, நான் ஊரெல்லாம் பீத்திக்கிட்டதைப் பாத்துக்கிட்டு நின்னிருக்க. உள்ளுக்குள்ள எவ்வளவு சிரிச்ச?"

"நான் சிரிக்கல."

"இரைச்சல் இருந்தா எனக்குக் கேக்காதா?"

அவள் குனிந்து, ஒரு டிராக்கின் பொத்தானைப் போட்டாள். பிறகு இன்னொன்று. பத்து டிராக்கில் போட்டாள். பாட்டை நிறுத்தி, இரைச்சலை மட்டும் ஓட விட்டாள். அறை முழுக்க நிறைந்தது.

"கேக்குதா?"

அவன் ஸ்பீக்கரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "நீ இன்னும் போடல" என்றான்.

திரையில் முள் ஆடிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டான். பிறகு, "வெளிய போ" என்றான். கத்தவில்லை.

அவள் போய் அடுக்களையில் உட்கார்ந்து, உரித்து முடித்த உள்ளியையே மறுபடி உரித்தாள். மூன்றரைக்கு ஆன்மரியா பள்ளிக்கூட வண்டியிலிருந்து இறங்கினாள். பையைப் போட்டுவிட்டு வழக்கம்போல அப்பாவிடம் ஓடினாள். ஸ்டுடியோக் கதவு திறந்து கிடந்தது. லின்சி பின்னாலேயே எழுந்து போனாள்.

கம்ப்யூட்டரை ஒற்றைச் சுருதி எழுப்ப வைத்து, ஜின்சன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தான். லின்சிக்கு வாசலிலேயே பல் கூசியது. இரும்பை இரும்பால் கீறுவதுபோல ஒரு சத்தம் அறையை அறுத்துக்கொண்டிருந்தது. அவன் கன்னத்தில் கையூன்றி, அமைதியான அறையில் உட்கார்ந்திருப்பவனைப்போல உட்கார்ந்திருந்தான். கை இன்னும் சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது.

ஆன்மரியா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். "அப்பா, நிறுத்துங்கப்பா. வலிக்குது."

அவள் உதடு அசைவதைத்தான் அவன் முதலில் கண்டான். பிறகு அந்தக் கைகளைக் கண்டான். எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. சத்தத்தை நிறுத்திவிட்டுக் குழந்தையைத் தூக்கி, அவள் காதின்மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டான். "மோளே, அப்பா பாக்கலடா. அப்பாக்குத் தெரியல" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் ஜபமாலை சொல்லி முடித்தபின் அவனாகவே பேசினான்.

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"மழைன்னு மாஷ் சொன்ன அன்னைக்குத்தான். அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். நான் கவனிக்கல." கொஞ்சம் நிறுத்தி, "அன்னைக்குக் கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு எடுத்தீங்களே. அது வெறும் பாட்டு. நான் எதையும் போடல" என்றாள்.

"எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கேக்கலன்னு தெரியாது. ஆனா காதுக்குள்ள ஒரு விசிலு. நிக்கவே நிக்காது. கொரட்டிப் பெருநாள்ல வெடிக்கட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல நின்னேனே, அன்னைக்கு ஆரம்பிச்சது. தூங்கினாப் போயிடும்னு நெனச்சேன். போகல. யார்கிட்டச் சொல்றது? ஸ்டுடியோக்காரனுக்குக் காது கேக்கலன்னா, கண்ணு தெரியாதவன் பஸ் ஓட்டுற மாதிரி."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"நீயும்தான் எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்" என்றான்.

திருச்சூரில் ஒரு ஆஸ்பத்திரியில், காதைச் சோதிக்கும் பெண் அவனைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்தாள். வெளியே வந்ததும் ஒரு தாளைக் காட்டினாள். கோடு இடப்பக்கத்திலிருந்து சமமாக வந்து, வலப்பக்கம் கிணற்றுக்குள் விழுவதுபோல இறங்கியிருந்தது. ஜின்சன் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

"இது நான் போட்ட ஈக்யூ" என்று லின்சியிடம் சொன்னான். "எனக்குள்ள விழுந்த பள்ளத்தையெல்லாம் அவங்க காதுல மேடா வச்சிருக்கேன்."

அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. போனது திரும்பி வராது என்றாள். மிஷின் வைத்துக்கொண்டால் பேச்சு தெளிவாகக் கேட்கும், ஆனால் பாட்டை எடைபோட அதை நம்ப வேண்டாம், அது பேச்சுக்காகச் செய்தது என்றாள். பந்தல் வேலையை இன்றோடு விட்டுவிடச் சொன்னாள். பஸ்ஸில் திரும்பும்போது ஜின்சன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். ஒல்லூர் வந்தபிறகும் எழுந்திருக்கவில்லை. அவள் தோளைத் தொட வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு குர்பானைப் பூசை முடிந்து மாஷ் வீட்டுக்கு வந்தார். லின்சி கப்பைக் கிழங்கும் மத்திக் குழம்பும் வைத்தாள். ஜின்சன் அவர் முதல் வாய் வைக்கும்வரை பொறுத்தான்.

"மாஷே, எனக்கு மேல்சத்தம் கேக்கறதில்ல. காது போச்சு. உங்களுக்குப் புடிச்ச அந்தப் பாட்டை முடிச்சது இவ."

மாஷ் லின்சியைப் பார்த்தார். கையிலிருந்த கப்பையைத் தட்டிலேயே வைத்தார்.

"அப்போ மூணு தடவை திருப்பி அனுப்பினேனே..."

"எனக்குச் சரியாத்தான் கேட்டுச்சு. பொய் சொல்லல."

"நீ பொய் சொன்னேன்னு நான் சொல்லலடா." தண்ணீர் குடித்தார். "இடவகை அச்சன்கிட்ட இதை எப்படிச் சொல்றது? ஊர்ப் பணம் போட்டுச் செய்யிற பாட்டு."

"உள்ளதைச் சொல்லுங்க. நான் பாடறவங்களைப் பாத்துக்கிறேன், மைக் வைக்கிறேன், அடிச்சத்தமெல்லாம் எனக்கு முன்னமாதிரியே கேக்குது. மேலே இருக்கறது இவ காது. வேணாம்னா எர்ணாகுளத்துல குடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"நீ என்ன சொல்ற மோளே?"

"எனக்குப் பயமாத்தான் இருக்கு மாஷே" என்றாள் லின்சி. "ஆனா செய்வேன்."

மாஷ் போகும்போது ஒன்றும் முடிவாகச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார். அச்சன் ஐந்து பாட்டை எர்ணாகுளத்துக்குக் கொடுத்துவிட்டார். மூன்று மட்டும் இங்கே. பேசி வாங்க முடிந்தது அவ்வளவுதான் என்றார். வாட்ஸப் குழுவில் ஜின்சன் தன் பழைய பதிவுக்குக் கீழே, "இதை நம்ப வேண்டாம். எழுதினவனுக்கே காது கேக்காது" என்று எழுதினான். யாரும் கட்டைவிரல் காட்டவில்லை. இரண்டு பேர் தனியாக அழைத்து, தங்களுக்கும் காதுக்குள் விசில் அடிப்பதாகச் சொன்னார்கள்.

மூன்றில் முதல் பாட்டை ஒரு வியாழக்கிழமை காலையில் கலக்க எடுத்தார்கள். லின்சி அந்த நாற்காலியில். ஜின்சன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். காதில் புது மிஷின் இல்லை. வேலை செய்யும்போது கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"தபலா கீழ மொழுமொழுன்னு இருக்கு. கேக்குதா?"

"எனக்கு நல்லாத்தானே இருக்கு."

"இல்ல. இங்க." அவள் கையைப் பிடித்து மவுசை நகர்த்தினான். சேறு வடிந்ததுபோலத் தாளம் தெளிந்தது. அது வந்தபிறகுதான் இதுவரை இல்லாமல் இருந்தது அவளுக்குத் தெரிந்தது. டேப் பிளகினைத் திறந்தான். "இதைப் போடலாமா?"

"பாடறவங்களுக்கு மட்டும் கொஞ்சமா. கோரஸுக்கு வேணாம், மூடிக்கிட்டுப் போகுது."

"சரி." ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்காதது அவளுக்குக் கேட்டதைவிடக் கனமாக இருந்தது.

பாட்டு சரணத்துக்கு வந்தது. கோரஸ் ஏறியது. ஜின்சன் பாட்டை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். புருவம் எங்கே சுருங்குகிறது, உதடு எங்கே இறுகுகிறது என்று. இனி எந்தப் பாட்டையும் அவன் இப்படித்தான் கேட்பான் என்று அவளுக்குப் பட்டது. தலைவலி, காற்று என்று சொல்லித் தப்புவதற்கு இனி இடமில்லை.

"குத்துதா?" என்றான்.

குத்தியது. கோரஸில் இரண்டாம் குரல், 'ஸ்' வரும் இடத்திலெல்லாம் பிசிறி, மற்ற மூன்று பேரையும் கீறிக்கொண்டு மேலே வந்தது. வேறு யாராவது இருந்திருந்தால் உடனே சொல்லியிருப்பாள். அவள் ஒரு கணம் தயங்கினாள். அவன் அந்தத் தயக்கத்தையும் பார்த்துவிட்டான்.

"சொல்லு."

"குத்துது. அது நான்தான்."

ஜின்சன் கை நீட்டி, அவள் குரலின் மேல்பக்கத்தை ஒரு நூல் இறக்கினான். மறுபடி அவள் முகத்தைப் பார்த்தான்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.